குண்டின் மேல் உட்காரும் உரிமை

அண்ணே, எழுந்திருங்க. முதல்ல எழுந்திருங்க, பையை அப்புறம் எடுத்துக்கலாம். அது பெஞ்சு இல்லை. குண்டு.

பயப்படாதீங்க, வெடிக்காது. வெடிக்கும்னு எழுப்பலை. அதுமேல உட்காருற உரிமை வெள்ளைக்கண்ணுப் பெரியப்பாவுக்கு மட்டும்தான். அவருக்கும் வருஷத்துல ஒரே ஒரு நாள்தான். நீங்க பாட்டுக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்னு கால்மேல கால் போட்டு உட்கார்ந்துட்டீங்க. வேற யாராவது பார்த்திருந்தா இந்நேரம் ஊர் கூடியிருக்கும். நான் பார்த்ததோட போச்சு. இந்தக் கல்லுல உட்காருங்க. பதினொரு மணி பஸ் பன்னிரண்டரைக்குத்தான் வரும். எனக்கும் வேலை இல்லை, கரண்ட் போயிருக்கு. அதோ எதிர்ல தெரியுதே முருகையா வெல்டிங் பட்டறை, அது எங்க கடைதான். முருகையா எங்கப்பா. நான் யோகலட்சுமி. பள்ளிக்கூடம் போகலை. ஏன் போகலைன்னு எல்லாரும் கேட்பாங்க, நீங்க கேட்கலை. பரவாயில்லை, நானே சொல்றேன்.

அதுல பெயிண்ட்ல எழுதியிருக்கிறதைப் படிச்சீங்களா? படிச்சுட்டுத்தான் உட்கார்ந்தீங்கன்னா உங்க மேல தப்பு இல்லை. அதுல எதுவும் முழுசா இல்லை. அந்த விஷயத்துக்குப் பின்னாடி வர்றேன்.

எங்க ஊர் பேரு பொட்டல்வயல். அப்படிச் சொன்னா கண்டக்டர் முழிப்பார். குண்டு ஸ்டாப்னு சொன்னா உடனே டிக்கெட்டைக் கிழிச்சுடுவார். ஊருக்குப் பின்னாடி ஒரு ரன்வே இருக்கு. இரண்டாம் உலகப் போர் நடந்தப்ப வெள்ளைக்காரன் போட்டது. பிளேன் போய் எண்பது வருஷம் ஆச்சு. இப்ப அதுல மிளகாய் காயுது. ஊர்ல எல்லாரும் டூவீலர் பழகினதும் அங்கேதான். அதனால எங்க ஆளுங்களுக்கு நேரா ஓட்டத் தெரியும், திருப்பத் தெரியாது.

அந்தச் சண்டையில ஜப்பான்காரன் ரன்வேயைக் குறி வெச்சுப் போட்ட குண்டு இது. குறி தப்பி ஊர் நடுவுல விழுந்துச்சு. ஆனா வெடிக்கலை. ஏன்னா அய்யனார் அதை நடு ஆகாசத்துல கையில பிடிச்சு, மெதுவா தரையில இறக்கி வெச்சுட்டார். இறக்கி வெச்சவர் அப்படியே கண்மாயில கொண்டுபோய் அமுக்கியிருக்கலாம். வேற வேலை இருந்திருக்கும்போல, போயிட்டார். குண்டு தகதகன்னு கொதிச்சுச்சாம். ஊர் சனம் மொத்தமும் ஓடிப் போய்க் கண்மாய்க்குள்ள கழுத்தளவுத் தண்ணியில நின்னுடுச்சு. ஆண்டியப்பன்னு ஒருத்தர் மட்டும் ஓடலை. ஒரு சாக்கை நனைச்சு குண்டுமேல போட்டு, ஏறி உட்கார்ந்துட்டார். சூடு அடங்கினா வெடிக்காதுன்னு யாரோ சொன்னாங்களாம். கோழி அடைகாக்கிற மாதிரி மூணு நாள் உட்கார்ந்திருந்தார். சாக்கு காயக் காய நனைச்சுக்கிட்டே இருந்தார். கிட்டப் போக எல்லாருக்கும் பயம். அதனால கஞ்சிக் கலயத்தைத் தொரட்டிக் கம்புல மாட்டித் தூரத்துல நின்னே நீட்டினாங்க.

அந்த ஆண்டியப்பனோட பேரன்தான் வெள்ளைக்கண்ணுப் பெரியப்பா. எனக்குச் சொந்தம் இல்லை, ஊர் முறைக்குப் பெரியப்பா. வருஷா வருஷம் பங்குனி முதல் வெள்ளிக்கிழமை அவருக்குத் தலையில பரிவட்டம் கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு, அதுமேல உட்கார வைப்பாங்க. அவரோட எதிர்வீட்டுக்காரங்க தொரட்டியில கஞ்சி நீட்டுவாங்க. கஞ்சி நீட்டுறதும் உரிமைதான். கண்டவன் நீட்ட முடியாது.

இரும்பு வெயில்ல கிடந்தா சூடாத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும், பட்டறைப் பொண்ணு. ஆனா ஊர்ல அதைச் சொன்னா எடுபடாது. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு குண்டுக் கதை இருக்கு. மாயழகு தாத்தாவுக்குக் காது கேட்காது. குண்டு விழுந்த அதிர்ச்சியில போச்சுன்னு சொல்வார். குண்டுதான் வெடிக்கலையே தாத்தான்னு அவர் காதுல கத்திக் கேட்டேன். வெடிச்சிருந்தா உயிர் போயிருக்கும், வெடிக்காததால காதோட போச்சுன்னார். அவருக்கு வயசு அறுபத்தெட்டு. குண்டு விழுந்தது எண்பது வருஷத்துக்கு முன்னாடி. நான் கணக்குல பெயில்தான், ஆனா இந்தக் கழித்தல் எனக்கே வரும்.

எனக்குப் பொய் பிடிக்காது, அண்ணே. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா குண்டைப் பத்தி மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. காதைத்தான் சந்தேகப்பட்டேன், குண்டை இல்லை.

பத்தாவது அரையாண்டுல சமூக அறிவியல்ல ஒரு கேள்வி. இரண்டாம் உலகப் போரின் விளைவுகளை விவரி. எட்டு மார்க். கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மத்தவங்க எல்லாம் புத்தகத்துல படிச்சு எழுதணும், நான் தினமும் அதுக்கு எதிர்லதானே பல் விளக்குறேன். மூணு பக்கம் எழுதினேன். அய்யனார், சாக்கு, தொரட்டி, கஞ்சி, எல்லாம். விளைவுகள்னு கேட்டதால மாயழகு தாத்தாவோட காதையும் சேர்த்தேன்.

வரலாறு எடுக்கிற தெய்வநாயகம் சார் அந்தப் பேப்பரை வகுப்புல எழுந்து நின்னு படிச்சார். ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி. தொரட்டி வந்தப்ப பின்பெஞ்சுல ஒருத்தன் தரையில உருண்டான். அப்புறம் பேப்பரை என் கையில கொடுத்தார். சிவப்பு மையில "கதை"ன்னு எழுதி, பக்கத்துல ஒரு முட்டை. இந்த ஜில்லாவுக்கு ஜப்பான் பிளேன் வரவே இல்லைம்மான்னார். அவர் வெளியூர், தினமும் பஸ்ஸுல வந்து போறவர். எங்க குண்டு ஸ்டாப்புலதான் இறங்குறார். அதுல இறங்கிட்டே அப்படிச் சொல்றார்.

மறுநாள்ல இருந்து நான் போகலை. அதுக்காக மட்டும் நிக்கலை, கணக்கும் வரலை. ஆனா அதுக்காகவும்தான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பெரியப்பாவுக்கு அறுபத்தாறு வயசு. பங்குனி வெயில்ல இரும்புமேல உட்காருறது முன்ன மாதிரி முடியலை. போன வருஷம் எழுந்திருக்கிறப்ப சாக்கும் சேர்ந்து வந்துச்சு. குண்டுக்கு மேல ஒரு நினைவு மண்டபம் வேணும், அட்லீஸ்ட் நாலு தூண், ஒரு கூரை, அதை அரசாங்கம் கட்டித் தரணும்னு அவருக்கு ஆசை. கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை மனு வாங்குவாங்கல்ல, அதுக்கு மனு எழுத என்கிட்ட வந்தார். என் கையெழுத்து நல்லா இருக்கும். பழைய குண்டுன்னு எழுதப் போனேன். பெரியப்பா விடலை. பழைய இரும்புன்னு எழுதினா எவன் வருவான், உயிரோட இருக்குன்னு எழுதுன்னார். நான் எழுதினது எனக்கு இன்னும் மனப்பாடம். "மேற்படி குண்டு இன்றும் உயிருடன் உள்ளது. எந்த நேரமும் வெடிக்கும் நிலையில், தக்க மரியாதையின்றி வெயிலில் கிடக்கிறது. ஆகவே கூரை அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த வாரமே கிராம நிர்வாக அதிகாரி போன் பண்ணினார். சனிக்கிழமை ஆபீசருங்க வர்றாங்க, அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கன்னார். பெரியப்பா காதுல ஆபீசருங்க வர்றாங்கங்கிறது மட்டும்தான் விழுந்துச்சு. ஆபீசர் வரும்போது குண்டு பளிச்சுன்னு இருக்க வேண்டாமா? பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா சில்வர் அடிங்கன்னு பட்டறைக்கு வந்து சொல்லிட்டுப் போயிட்டார்.

உயிரோட இருக்கிற குண்டுன்னு மனு எழுதின இதே கைதான் அதுமேல இரும்பு தேய்க்கிற கிரைண்டரை வெச்சுது. தீப்பொறி பறந்துச்சு. வேடிக்கை பார்க்க இருபது பேர் நின்னாங்க. ஒருத்தரும் ஒரு அடி தள்ளி நிக்கலை.

பச்சை வந்துச்சு, அதுக்குக் கீழ மஞ்சள், அதுக்குக் கீழ ரெண்டு கட்சிக் கொடி. வேடிக்கை பார்த்தவங்க சாப்பிடப் போயிட்டாங்க. அதுக்குக் கீழ பட்டி, பள்ளம் மேடு தெரியாம இருக்க பெயிண்டுக்கு முன்னாடி பூசுறது. மாவு மாதிரி இழுத்துப் பூசியிருந்துச்சு. அதையும் எடுத்தேன். உள்ள இரும்புல பதிச்ச இங்கிலீஷ் எழுத்து. எழுபத்தஞ்சுன்னு ஒரு நம்பர், பக்கத்துல கேலன்ஸ். கொஞ்சம் தள்ளி ஒரு பித்தளை மூடி. ஸ்பானர் போட்டுத் திருகினேன், ஸ்கூட்டர்ல பெட்ரோல் ஊத்துற மூடி மாதிரியே திறந்துச்சு. உள்ள டார்ச் அடிச்சேன். ஒரு குளவிக்கூடு.

"அப்பா, இது பெட்ரோல் டேங்க்" என்றேன்.

அப்பா எட்டிக்கூடப் பார்க்கலை. "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"இருபது வருஷமா நான்தானே பெயிண்ட் அடிக்கிறேன். எனக்கு முன்னாடி எங்கப்பா அடிச்சார். பட்டி டப்பா அந்தப் பக்கம் இருக்கு. நல்லா இழுத்துத் தேய்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்பானரைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். நான் மூணு பக்கம் எழுதினேன்ப்பா, வகுப்பே சிரிச்சுச்சு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லன்னேன். அதுக்கு அவர் நிதானமா, என்னைக் கேட்டுட்டா எழுதினேன்னு கேட்டார்.  மூடியைத் திருகி, பட்டியைத் தேய்ச்சேன். ஆனா கோபத்துல தேய்ச்சது, மெல்லிசாத்தான் ஒட்டுச்சு. மேல சில்வர் அடிச்சேன். பளிச்சுன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை காலையில பெரியப்பா பட்டு வேட்டியோட, பரிவட்டத்தைத் தானே கட்டிக்கிட்டு வந்து நின்னார். கையில எலுமிச்சம்பழம். மண்டபத்துக்கு அளவெடுக்க இன்ஜினியர் வருவார்னு பார்த்தா, வந்தது போலீஸ் வெடிகுண்டுப் பிரிவு. ஒரு வேன், மணல் மூட்டை, டயானான்னு ஒரு நாய், அற்புதராஜ்னு ஒரு எஸ்.ஐ. ஊரை இருநூறு மீட்டர் தள்ளிப் போகச் சொன்னாங்க. ஒருத்தரும் அசையலை, எல்லாருக்கும் போட்டோவுல விழணும். கடைசியில கயிறு கட்டி, நெட்டித் தள்ளி ரன்வேக்குக் கொண்டுபோனாங்க. மாயழகு தாத்தா மட்டும் இங்கேயே நின்னார். அவருக்குப் போகச் சொன்னது கேட்கலை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்கு வந்திருந்த தெய்வநாயகம் சார் வாத்தியார்னு சொல்லிக்கிட்டுக் கயிற்றைத் தாண்டி வந்துட்டார். மனு கொடுத்தவர்னு பெரியப்பா, எழுதினவள்னு நான், பெயிண்ட் அடிச்சவர்னு எங்கப்பா. அவ்வளவுதான் பக்கத்துல.

எஸ்.ஐ. பெரிய மெத்தை மாதிரி ஒரு சட்டையும் கண்ணாடி போட்ட தொப்பியும் மாட்டிக்கிட்டு நடந்து வந்தார். டயானா குண்டைச் சுத்தி மோந்து பார்த்துட்டு, பக்கத்துல உட்கார்ந்துச்சு. நாய் உட்கார்ந்தா உள்ள வெடிமருந்து இருக்குன்னு அர்த்தமாம். ரன்வேயில இருந்து கைதட்டல் கேட்டுச்சு. பெரியப்பா நெஞ்சு இவ்வளவு உசரத்துக்கு வந்துச்சு. அப்புறம் டயானா குண்டு நிழல்ல படுத்துக் கண்ணை மூடிடுச்சு. படுத்தா என்ன அர்த்தம்னு பெரியப்பா கேட்டார். வெயில்னு அர்த்தம்னார் எஸ்.ஐ.

ஒண்ணு கவனிச்சீங்களா? நாய்கூடப் பக்கத்துலதான் உட்கார்ந்துச்சு, மேல உட்காரலை. அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலை.

எஸ்.ஐ. ஒரு சின்னக் கத்தியை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தார். என் பட்டி உதிர்ந்துச்சு. தொப்பியைக் கழட்டினார், மூடியைத் திறந்தார், குளவி ஒண்ணு வெளிய வந்து அவரைப் பார்த்துச்சு. பிளேன் ரொம்ப தூரம் போறதுக்கு அடியில மாட்டுற பெட்ரோல் டேங்க், தீர்ந்ததும் கழட்டிக் கீழ போட்டுடுவாங்க, நம்ம ரன்வேயில கிளம்பின வெள்ளைக்காரன் பிளேனே போட்டிருக்கும்னார். தெய்வநாயகம் சார் கையைக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு சிவப்பு மை கலர்ல இருந்துச்சு.

எஸ்.ஐ. பெரியப்பாவைக் கூப்பிட்டு மெதுவாச் சொன்னார். "ரெண்டே வழிதான் அய்யா. குண்டுன்னா நான் எடுத்துட்டுப் போய்க் கல்குவாரியில வெச்சு வெடிக்கணும். இல்லைன்னா, இது குண்டு இல்லை, பெட்ரோல் டேங்க், தெரியாம மனு கொடுத்துட்டோம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. டேங்க்கை நீங்களே வெச்சுக்கலாம்."

பெரியப்பா தலையில இருந்த பரிவட்டத்தைக் கழட்டினார். நாலா மடிச்சார். "எடுத்துட்டுப் போய் வெடிங்க" என்றார்.

"அய்யா, அது வெடிக்காது. உள்ள குளவிதான் இருக்கு."

"உங்க கடமையை நீங்க செய்யுங்க. எங்க தாத்தா குண்டுமேலதான் உட்கார்ந்தார். டேங்க்மேல உட்கார அவர் என்ன பெட்ரோல் பங்க்கா வெச்சிருந்தார்?"

யாரும் சிரிக்கலை.   எங்கப்பா தரையைப் பார்த்தார். எஸ்.ஐ. வேன் டிரைவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தூக்கறதுக்கு நாலு பேர் இறங்கினாங்க. இன்னும் ரெண்டு நிமிஷத்துல குண்டுக்குக் கீழ இருக்கிற இந்த மேடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நீங்களும் நிம்மதியா உட்கார்ந்திருப்பீங்க.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், அவர் உட்கார்ந்தப்ப இது குண்டா, டேங்க்கா?" என்றேன்.

"எப்பவுமே டேங்க்தாம்மா."

"அவருக்கு அது தெரியுமா?"

எஸ்.ஐ. தொப்பியை அடுத்த கைக்கு மாத்தினார்.

"அவர் மூணு நாள் சாக்கைப் போட்டு உட்கார்ந்தார். நீங்க இந்தச் சட்டையை மாட்டிக்கிட்டுத்தானே பக்கத்துலயே வந்தீங்க?"

இதைப் பெரியப்பாவுக்காகச் சொன்னேன்னு ஊர்ல நினைச்சா தப்பு. நியாயம்னு பட்டுச்சு, சொன்னேன். தெய்வநாயகம் சார் ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போறது எனக்குப் பிடிக்கலை, அதுவும் கொஞ்சம்.

எஸ்.ஐ. அந்தச் சட்டையைக் குனிஞ்சு பார்த்தார். வேர்த்துக் கொட்டியிருந்துச்சு. பேனாவை எடுத்து எழுதி, சத்தமாப் படிச்சார். "சோதனையில் வெடிபொருள் எதுவும் காணப்படவில்லை. மேற்படி பொருள் ஊராரிடமே ஒப்படைக்கப்பட்டது."

"மேற்படி பொருள்னா?" பெரியப்பா கேட்டார்.

"மேற்படி பொருள்னா மேற்படி பொருள்தான். போடுங்க கையெழுத்து."

பெரியப்பா ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் போட்டார். பரிவட்டத்தைப் பிரிச்சு மறுபடியும் கட்டிக்கிட்டார். எலுமிச்சம்பழத்தை எஸ்.ஐ. கையில கொடுத்தார்.

பங்குனியில வழக்கம்போல உட்கார்ந்தார். கூட்டம் ரெண்டு மடங்கு. மண்டபம் வரலை, குடை பிடிச்சாங்க. போலீஸே வந்தும் குண்டைத் தூக்க முடியலை, அய்யனார் விடலைன்னு இப்ப ஒரு பேச்சு. மாயழகு தாத்தா தான்தான் பக்கத்துல நின்னதாகவும், குண்டுக்குள்ள கொர்ருன்னு சத்தம் கேட்டதாகவும் சொல்றார். அவருக்குக் கேட்டுச்சாம். நாய் குண்டைக் கும்பிட்டுச்சுன்னு சின்னப் பிள்ளைங்க எல்லாம் சொல்லுது. நாய் தூங்குச்சு, நான் பார்த்தேன். ஆனா முன்னங்கால் ரெண்டையும் இப்படிச் சேர்த்து வெச்சுத்தான் தூங்குச்சு. நடந்ததைச் சொல்லணும்ல.

டேங்க் விஷயம் எங்க நாலு பேரைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. நானும் யார்கிட்டயும் சொல்றதில்லை. நீங்க வெளியூர்ங்கிறதால சொல்றேன். போன வாரம் ஒரு பாத்திரக்காரர் இதுல உட்கார்ந்தார், அவர்கிட்ட சொன்னேன். அதுக்கு முந்தின வாரம் ரெண்டு பேர்.

பெயிண்ட்ல எழுதியிருக்கிறதுக்கு வர்றேன்னு சொன்னேன்ல. அன்னைக்கு வேன் ஏறப்போன எஸ்.ஐ. திரும்பி என்கிட்ட வந்தார். மனு எழுதினது நீதானே, நீயே இதுமேல இது என்னன்னு பெரிய எழுத்துல எழுதி வெச்சுடு, இல்லைன்னா நாளைக்கு இன்னொருத்தன் பயந்து போன் பண்ணுவான், நான் மறுபடியும் இந்த மெத்தையை மாட்டணும்னார். சரின்னேன். திங்கட்கிழமையே கறுப்புப் பெயிண்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்தேன். கீழதான், மேல இல்லை. "இது ஒரு"ன்னு எழுதினேன். அந்த நேரம் பார்த்து காலை பஸ் வந்துச்சு. தெய்வநாயகம் சார் இறங்கினார். நின்னார், படிச்சார்.

"இது ஒரு என்னம்மா?" என்றார்.

"அந்த எட்டு மார்க்கைப் போடுங்க சார், மீதியை எழுதறேன்."

அவர் குண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கலை. பள்ளிக்கூடம் வந்து பரீட்சையில எழுது, போடறேனா இல்லையான்னு பார்க்கலாம்னு சொல்லிட்டு நடந்துட்டார். அதுல இருந்து தினமும் பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல்ல அதைத்தான் பார்க்கிறார். மேல ஏதாவது சேர்ந்திருக்கான்னு.

உங்க பஸ் வருது பாருங்க. கையை நல்லா நீட்டுங்க, இல்லைன்னா நிக்காம போயிடுவான். ஊருக்குப் போய் யார்கிட்டயாவது இதைச் சொன்னா, என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லச் சொல்ற ஆள் நான் இல்லை. அதுல இருக்கிறதை மட்டும் அப்படியே சொல்லுங்க.

எஸ்.ஐ. மீதியை எழுதச் சொன்னார். சாரும் எழுதச் சொன்னார். பெயிண்ட் டப்பா பட்டறையில திறந்தபடி இருக்கு, பிரஷ் மண்ணெண்ணெய்ல ஊறுது. நாலு மாசம் ஆச்சு. எழுதலை.